நிர்வாகி உரிமை இல்லாத பயனருக்குப் பிரிண்டர் டிரைவர்: அலுவலகக் கணினிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குப் புதிதாக வருபவரைத் தேடி முதல் வாரத்திலேயே வரும் புகார்களில் ஒன்று, ‘பிரிண்டர் போட்டால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது’ என்பதாகும். கணக்குப் பிரிவுக்குப் புதிய பிரிண்டர் வாங்கியிருப்பார்கள். அல்லது வாடகைக்கு எடுத்திருந்த ஜெராக்ஸ் மெஷின் பழுதாகி, அதே இடத்தில் வேறு மாடல் ஒன்றை ஒப்பந்தக்காரர் இறக்கிவிட்டுப் போயிருப்பார். மெஷினுடன் வந்த டெக்னீஷியன் பென் டிரைவைக் கணினியில் செருகிவிட்டு, “சார், அட்மின் பாஸ்வேர்டு மட்டும் அடிச்சிருங்க, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காக நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல், பயனருக்கு நிர்வாகி உரிமையும் கொடுக்காமல், அவரே பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்வது எப்படி என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

அலுவலகக் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனிலோ, அத்தகைய வேலையை இணையம் வழியே செய்யும் மைக்ரோசாஃப்டின் இன்டியூனிலோ இணைந்த விண்டோஸ் கணினிகளை மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது. டொமைன் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு கணினிகளோடு நடக்கும் சிறு அலுவலகங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பில், கணினியின் அமைப்புகளைக் கட்டாய விதிகளாக வைக்க உதவும் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது என்பதால் புரோ பதிப்பாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் கீழே சொல்லப்படும் தளர்வுகள் எதையும் செய்யாமல் இருப்பதே நல்லது.

பாஸ்வேர்டு ஏன் கேட்கிறது

விண்டோஸில் அச்சிடும் வேலை அனைத்தும் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்னும் சேவையின் வழியாகவே நடக்கிறது. அது ‘சிஸ்டம்’ கணக்கில், அதாவது கணினியிலேயே மிக உயர்ந்த அதிகாரத்துடன் ஓடுகிறது. பிரிண்டர் டிரைவர் என்பது அந்த ஸ்பூலர் தனக்குள் ஏற்றிக்கொண்டு இயக்கும் நிரல். ஆகவே ஒரு டிரைவரை ஏற்றும் உரிமையை ஒருவருக்குக் கொடுப்பது, தனக்கு வேண்டிய நிரலைக் கணினியின் உச்ச அதிகாரத்தில் ஓட்டும் உரிமையைக் கொடுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமமானது. பிரிண்டர்தானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுவே.

இந்தப் பலவீனம் 2021-இல் பெரிய அளவில் வெளிப்பட்டது. ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று பெயர் பெற்ற அந்த ஓட்டையைப் பயன்படுத்தி, சாதாரணப் பயனர் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் தீங்கான டிரைவர் ஒன்றை ஸ்பூலருக்குள் நுழைத்துவிட முடிந்தது. மைக்ரோசாஃப்ட் வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திராமல் 2021 ஜூலை 6 அன்று அவசரத் திருத்தம் வெளியிட்டது. அடுத்து ஆகஸ்ட் 10 அன்று வந்த திருத்தம் அடிப்படை விதியையே மாற்றியது. அதுவரை, பிரிண்டர்களைப் பல கணினிகளுக்கும் பகிரும் அலுவலகத்தின் பிரிண்ட் சர்வரிலிருந்து டிரைவரை இழுத்துக்கொள்ளும் ‘பாயிண்ட் அண்ட் பிரிண்ட்’ வசதியைச் சாதாரணப் பயனரும் பயன்படுத்த முடிந்தது. அதன்பின், புதிய டிரைவரை ஏற்றவும் இருக்கும் டிரைவரைப் புதுப்பிக்கவும் நிர்வாகி உரிமை கட்டாயம் என்றாகிவிட்டது. யாரும் எந்த அமைப்பையும் தொடாமலேயே, பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அந்த நாளுக்குப் பிறகு நின்றுபோனது அதனால்தான். இணையத்தில் கிடைக்கும் 2021-க்கு முந்தைய வழிமுறைகளைப் பின்பற்றினால் பலன் இல்லாமல் போவதற்கும் இதுவே காரணம்.

டிரைவர் ஏற்கெனவே கணினியில் இருந்துவிட்டால், சர்வரில் பகிரப்பட்ட பிரிண்டரைச் சேர்ப்பதற்கு இந்த உரிமை தேவையில்லை. நிர்வாகி உரிமை கேட்கப்படுவது டிரைவருக்காக. சர்வரில் பகிரப்பட்ட பிரிண்டரை இணைத்துக்கொள்வதற்காக அல்ல. கீழே வரும் வழிகளில் நான் பெரிதும் பரிந்துரைப்பது இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்வதையே: டிரைவரைக் கணினிக்குள் நாம் முன்கூட்டியே கொண்டுபோய் வைத்துவிட்டால், பயனருக்குப் புதிய உரிமை எதையும் கொடுக்கத் தேவையே எழாது.

பிரிண்டர் எப்படி இணைந்திருக்கிறது என்று பாருங்கள்

எந்த வழியைப் பின்பற்றுவது என்பது இணைப்பைப் பொறுத்தது. யூ.எஸ்.பி. கேபிளில் நேரடியாக இணைந்த பிரிண்டர் என்றால், செருகியவுடன் விண்டோஸ் தன் டிரைவர் கிடங்கில் பொருத்தமான டிரைவரைத் தேடும். இருந்தால் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும். நெட்வொர்க்கில் தனக்கென ஐ.பி. முகவரி வைத்திருக்கும் பிரிண்டரை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே சேர்ப்பதென்றால், டிரைவருக்கு மட்டுமன்றி, அந்த முகவரிக்கான டி.சி.பி.ஐ.பி. போர்ட்டை உருவாக்கவும் நிர்வாகி உரிமை வேண்டும். பிரிண்ட் சர்வரில் பகிரப்பட்டிருந்தால் பாயிண்ட் அண்ட் பிரிண்ட் விதிகள் பொருந்தும்.

சிறு அலுவலகங்களில் ஒரே சர்வர் பெட்டிதான் எல்லாருடைய கணக்குகளையும் கடவுச்சொற்களையும் காக்கும் டொமைன் கன்ட்ரோலராகவும், டாலி இருக்கும் இடமாகவும், பிரிண்ட் சர்வராகவும் இருக்கும். செலவை நினைத்தால் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் டொமைன் கன்ட்ரோலரில் ஸ்பூலர் சேவையை நிறுத்திவைக்க வேண்டும் என்பது பிரிண்ட்நைட்மேருக்குப் பின் பாதுகாப்புத் துறையினர் ஒருமித்துச் சொல்லும் அறிவுரை. பிரிண்ட் சர்வர் வேலையை வேறொரு கணினிக்கு மாற்றிவிட்டு மேற்கொண்டு படியுங்கள். நாலைந்து பிரிண்டர்களே இருக்கும் அலுவலகத்துக்குப் பிரிண்ட் சர்வரே தேவைப்படாமலும் போகலாம்.

டிரைவரை முன்கூட்டியே ஏற்றிவைத்தல்

முதல் படி, சரியான டிரைவரைப் பெறுவது. தேடுபொறியில் மாடல் பெயரை அடித்தால், தயாரிப்பு நிறுவனத்தின் தளத்துக்கு முன்னால் ‘டிரைவர் டவுன்லோடு’ என்ற பெயரில் வேறு பல தளங்கள் வந்து நிற்கும். அவற்றைத் தவிர்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய பிரிண்டருடன் கடைக்காரர் அன்போடு கொடுக்கும் சி.டி.யும் இந்த விதிக்கு விலக்கல்ல. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு டிரைவர் என்று சேர்ப்பதைவிட, பல மாடல்களுக்கும் பொதுவான டிரைவர் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எச்.பி.யின் யூனிவர்சல் பிரிண்ட் டிரைவர், கேனானின் ஜெனரிக் பிளஸ், கியோசெராவின் கே.எக்ஸ். டிரைவர் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. மெஷின் அடிக்கடி மாறும் வாடகை ஏற்பாட்டில் இதன் அருமை தெரியும்: அதே நிறுவனத்தின் இன்னொரு மாடல் வந்தாலும், பெரும்பாலும் டிரைவரைத் தொட வேண்டியிருக்காது.

இறக்கிய தொகுப்பை விரித்துப் பார்த்தால் ஐ.என்.எஃப். என்று முடியும் ஒரு கோப்பும், அதனோடு சி.ஏ.டி. என்று முடியும் ஒரு கோப்பும் இருக்க வேண்டும். சி.ஏ.டி. கோப்பின் பண்புகளைத் திறந்து, டிஜிட்டல் கையொப்பத்துக்கான தாவலில் கையொப்பம் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். வெறும் செட்டப் நிரல் மட்டும் இருந்து உள்ளே ஐ.என்.எஃப். கோப்பே தென்படாவிட்டால், நிறுவனங்களின் ஐ.டி. பிரிவுக்கென்று அந்தத் தயாரிப்பாளர் தனியாக வைத்திருக்கும் தொகுப்பைத் தேடுங்கள். வீட்டுப் பயனருக்கான செட்டப் நிரல், டிரைவரோடு மை வாங்கச் சொல்லும் விளம்பர மென்பொருளையும் சேர்த்தே ஏற்றும். அலுவலகக் கணினிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது படி, டிரைவரைக் கணினியின் டிரைவர் கிடங்கில் சேர்ப்பது. விண்டோஸிலேயே இருக்கும் ‘பிஎன்பியூட்டில்’ கருவிக்கு, ஆட்-டிரைவர் என்ற கட்டளையோடு ஐ.என்.எஃப். கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால் அது நடந்துவிடும். கிடங்கில் சேர்ந்தது மட்டும் போதாது. அதை ஸ்பூலரின் டிரைவர் பட்டியலிலும் ஏற்ற வேண்டும். அதற்கு விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ‘ஆட்-பிரிண்டர்டிரைவர்’ என்ற கட்டளை உண்டு. அதற்குக் கொடுக்கும் பெயர், ஐ.என்.எஃப். கோப்புக்குள் மேற்கோள் குறிகளுக்கிடையே எழுதப்பட்டிருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிரிண்டர் மேல் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைப் பார்த்து அடித்தால், பெரும்பாலும் ஓர் இடைவெளியோ ஒரு கோடோ மாறி, டிரைவர் கிடைக்கவில்லை என்ற பிழைதான் வரும். கோப்பை நோட்பேடில் திறந்து அந்த வரியைப் படியெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு.

பிரிண்டர் ஐ.பி. முகவரியில் இருப்பதென்றால், இந்தக் கட்டளைகளை எழுதிவைக்கும் ஸ்கிரிப்ட் கோப்பில் மேலும் இரண்டு வரிகளைச் சேர்க்கலாம்: ‘ஆட்-பிரிண்டர்போர்ட்’ கொண்டு போர்ட்டை உருவாக்குவது ஒன்று, ‘ஆட்-பிரிண்டர்’ கொண்டு பிரிண்டரின் பெயர், டிரைவர், போர்ட் மூன்றையும் இணைப்பது இன்னொன்று. இப்படிச் சேர்த்த பிரிண்டர் அந்தக் கணினியில் நுழையும் எல்லாப் பயனருக்கும் தெரியும். பிரிண்டருக்கு நிலையான முகவரியை ரூட்டரிலேயே ஒதுக்கிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்தடைக்குப் பிறகு முகவரி மாறி, டிரைவர் சரியாக இருந்தும் அச்சு வராமல் நிற்கும், பழியும் டிரைவர் மேலேயே விழும்.

மூன்றாவது படி, அந்த ஸ்கிரிப்டை எல்லாக் கணினிகளிலும் ஓட்டுவது. டொமைன் இருந்தால், குரூப் பாலிசியில் கணினிக்கான பகுதியில் உள்ள ‘ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட்’ இதற்குத் தோதானது. அது சிஸ்டம் கணக்கில் ஓடுவதால் யாருடைய கடவுச்சொல்லும் தேவையில்லை. பயனருக்கான பகுதியில் இருக்கும் ‘லாகான் ஸ்கிரிப்ட்’ பயனரின் உரிமையில்தான் ஓடும் என்பதால் அதில் வைத்துப் பயனில்லை.

புதியவர்கள் பலரும் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ஓடும்போது, டிரைவர் கோப்புகள் இருக்கும் பகிர்வுக் கோப்புறையைத் திறப்பது எந்தப் பயனரும் அல்லர். அந்தக் கணினியின் கணக்கே. ஆகவே கோப்புறையின் பகிர்வு அனுமதியிலும் கோப்பு அனுமதியிலும் ‘டொமைன் கம்ப்யூட்டர்ஸ்’ குழுவுக்குப் படிக்கும் உரிமை கொடுத்தாக வேண்டும். எழுதும் உரிமை நிர்வாகிகளைத் தவிர வேறு யாருக்கும் இருக்கக் கூடாது. அந்தக் கோப்புறையில் எதையாவது மாற்றிவைக்க முடிந்த ஒருவர், அலுவலகத்தின் எல்லாக் கணினிகளிலும் அதை உச்ச அதிகாரத்தில் ஓட்ட முடியும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

பயனரே பொத்தானை அழுத்தி ஏற்றிக்கொள்வது

எல்லாக் கணினியிலும் எல்லா டிரைவரையும் திணிப்பது சரிவராத இடங்கள் உண்டு. கிண்டியில் ஒரு கிளை, அம்பத்தூரில் ஒரு கிளை, ஓ.எம்.ஆரில் தலைமை அலுவலகம் என்று இருந்து, ஊழியர்கள் மடிக்கணினியோடு மாறி மாறிப் போகிறார்கள் என்றால், அன்று போகும் இடத்தின் பிரிண்டரை அவரே தேர்ந்தெடுத்து ஏற்றிக்கொள்வதே வசதி. இன்டியூன் பயன்படுத்தும் அலுவலகத்தில் ‘கம்பெனி போர்ட்டல்’ மூலமும், மைக்ரோசாஃப்டின் இன்னொரு நிர்வாகக் கருவியான கான்ஃபிகரேஷன் மேனேஜர் உள்ள அலுவலகத்தில் ‘சாஃப்ட்வேர் சென்டர்’ மூலமும் இதைச் செய்யலாம். நாம் சோதித்துத் தேர்ந்தெடுத்த தொகுப்புகள் மட்டும் அங்கே கடை விரித்திருக்கும். ஊழியர் வேண்டியதை அழுத்துவார். ஏற்றும் வேலை சிஸ்டம் கணக்கில் நடக்கும். நிர்வாகி உரிமை இல்லாத பயனர் தாமே டிரைவரை இறக்கி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கைக்கு, பாதுகாப்பும் வசதியும் ஒன்றாகப் பொருந்தும் விடை இதுதான் என்பது என் கருத்து.

இன்டியூனில் டிரைவர் கோப்புகளையும் ஸ்கிரிப்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, மைக்ரோசாஃப்ட் தரும் தொகுப்புக் கருவியால் வின்32 செயலியாக மாற்றி ஏற்ற வேண்டும். இன்ஸ்டால் நடத்தை என்ற இடத்தில் ‘சிஸ்டம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒதுக்கீட்டில் ‘ரிக்வயர்டு’ என்று கொடுத்தால் தானாகவே ஏறிவிடும். ‘அவைலபிள்’ என்று கொடுத்தால்தான் பயனர் தேர்ந்தெடுத்து ஏற்றும்படி போர்ட்டலில் தோன்றும்.

இதில் ஒரு நுணுக்கம், தெரியாவிட்டால் அரை நாளைத் தின்றுவிடும். இன்டியூன் இந்தச் செயலிகளை 32 பிட் சூழலிலிருந்து இயக்குகிறது. பிஎன்பியூட்டில் கருவியோ சிஸ்டம்32 கோப்புறையில் 64 பிட் வடிவில் மட்டுமே இருக்கிறது. 32 பிட் சூழலில் சிஸ்டம்32 என்று கேட்டால் விண்டோஸ் வேறு கோப்புறைக்குத் திருப்பிவிடுவதால், அப்படியொரு கருவியே இல்லை என்று பிழை வரும். நம் கணினியில் கையால் ஓட்டும்போது அதே ஸ்கிரிப்ட் குறையின்றி ஓடியிருக்கும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். பாதையில் சிஸ்டம்32 என்பதற்குப் பதிலாக ‘சிஸ்நேட்டிவ்’ என்று எழுதினால் சரியான இடத்துக்குப் போய்விடும்.

டிரைவர் ஏறிவிட்டதா என்று இன்டியூன் அறிவதற்கு ஓர் அடையாளமும் கொடுக்க வேண்டும். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், ஸ்பூலரின் டிரைவர் பட்டியல் இருக்கும் இடத்தில், அதாவது கன்ட்ரோல், பிரிண்ட், என்விரான்மென்ட்ஸ், விண்டோஸ் எக்ஸ்64, டிரைவர்ஸ், வெர்ஷன்-3 என்று இறங்கிச் சென்றால், ஏறியிருக்கும் ஒவ்வொரு மூன்றாம் வகை (விண்டோஸ் 8-க்கு முன்பிருந்தே வரும் வகை) டிரைவருக்கும் அதன் பெயரிலேயே ஒரு சாவி இருப்பதைக் காணலாம். அந்தச் சாவி இருக்கிறதா என்பதையே அடையாளமாக வையுங்கள்.

பிரிண்ட் சர்வரிலிருந்து இழுத்துக்கொள்ளும் வழி

பிரிண்ட் சர்வர் உள்ள அலுவலகத்திலும் முதல் தேர்வு மேலே சொன்னதே. சர்வரில் உள்ள அதே டிரைவரை, அதே பதிப்பில், கணினிகளிலும் முன்கூட்டியே ஏற்றிவிட்டால், பயனர் சர்வரின் பெயரைத் திறந்து பிரிண்டரை இரட்டைக் கிளிக் செய்தவுடன் இணைந்துவிடும். பதிப்பு மாறினால் மட்டுமே மறுபடி கேள்வி எழும். எனவே புதிய பதிப்பு வரும்போது முதலில் கணினிகளில் ஏற்றி, அது எங்கும் போய்ச் சேர்ந்த பின்னரே சர்வரில் ஏற்றுங்கள். வரிசையைத் தலைகீழாகச் செய்தால், ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான 20-ஆம் தேதி காலையில் கணக்குப் பிரிவு முழுவதும் கடவுச்சொல் கேட்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முன்கூட்டி ஏற்றுவது இயலவே இயலாத சூழலில், பாயிண்ட் அண்ட் பிரிண்ட் கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம். செய்வதற்கு முன் இதன் பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் அடைத்த கதவை நாம் மறுபடி திறக்கிறோம். எனவே திறக்கும் கதவு நம் சர்வரை நோக்கி மட்டுமே திறக்கும்படி, பின்வரும் அமைப்புகள் அனைத்தையும் சேர்த்தே செய்ய வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிறுத்துவது, எதையும் செய்யாமல் இருப்பதைவிட மோசம்.

குரூப் பாலிசி மேனேஜ்மென்டில் புதிய பாலிசி ஒன்றை உருவாக்கி, அதை முதலில் ஒரு சோதனைக் கணினி மட்டும் உள்ள பிரிவோடு இணையுங்கள். கணினிக்கான பகுதியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று செல்லுங்கள். அங்கே ‘லிமிட்ஸ் பிரிண்ட் டிரைவர் இன்ஸ்டலேஷன் டூ அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்ற அமைப்பை ‘டிசேபிள்டு’ என்று வையுங்கள். அமைக்காமல் விட்டாலும் நிர்வாகிக்கு மட்டுமே என்ற இயல்புநிலைதான் நிலவும். பழைய டெம்ப்ளேட்டுகளில் இந்த வரி இருக்காது. அங்கே ரெஜிஸ்ட்ரியில் பாலிசிகளுக்கான பகுதியில் விண்டோஸ் என்.டி., பிரிண்டர்ஸ், பாயிண்ட்அண்ட்பிரிண்ட் என்று இறங்கி, ‘ரெஸ்ட்ரிக்ட்டிரைவர்இன்ஸ்டலேஷன்டூஅட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்று இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்படும் மதிப்பை 0 ஆக்க வேண்டியிருக்கும். இணையத்தில் பலரும் இந்த ஒரு வரியைத்தான் ‘தீர்வு’ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதோடு நிறுத்தினால் எந்த சர்வரிலிருந்தும் எந்த டிரைவரும் வரலாம் என்றாகிவிடும்.

அடுத்து, அதே இடத்தில் உள்ள ‘பாயிண்ட் அண்ட் பிரிண்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ அமைப்பை இயக்கி, பயனர்கள் குறிப்பிட்ட சர்வர்களோடு மட்டுமே இணையலாம் என்ற பெட்டியில் டிக் செய்து, உங்கள் பிரிண்ட் சர்வரின் முழு டொமைன் பெயரை எழுதுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அரைப்புள்ளியால் பிரிக்க வேண்டும். கீழே எச்சரிக்கை பற்றிய இரண்டு தெரிவுப் பட்டிகள் இருக்கும். புதிய இணைப்புக்கு ஒன்று, டிரைவர் புதுப்பிப்புக்கு மற்றொன்று. இரண்டிலும் எச்சரிக்கையும் உரிமைக் கேள்வியும் காட்டும் தெரிவையே வையுங்கள். இவற்றை ‘எதுவும் காட்ட வேண்டாம்’ என்று மாற்றி வைத்திருந்த கணினிகள், 2021 ஜூலைத் திருத்தத்தைப் போட்டிருந்தும் தாக்குதலுக்குத் திறந்தே கிடந்தன.

பிறகு, ‘பேக்கேஜ் பாயிண்ட் அண்ட் பிரிண்ட் - அப்ரூவ்டு சர்வர்ஸ்’ அமைப்பை இயக்கி, அதிலும் அதே சர்வர் பெயர்களை எழுதுங்கள். ‘ஒன்லி யூஸ் பேக்கேஜ் பாயிண்ட் அண்ட் பிரிண்ட்’ என்பதையும் இயக்குங்கள். கையொப்பத்தோடு முழுத் தொகுப்பாக வரும் டிரைவர்களை மட்டுமே இது அனுமதிக்கும். உங்கள் டிரைவர் அந்த வகையா என்பதை சர்வரில் பிரிண்ட் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, டிரைவர்ஸ் பட்டியலில் ‘பேக்கேஜ்டு’ என்ற பத்தியில் பார்க்கலாம். ‘ட்ரூ’ என்று இருக்க வேண்டும். ‘ஃபால்ஸ்’ என்று இருந்தால் தயாரிப்பாளரிடமிருந்து புதிய பதிப்பை வாங்கி மாற்றுங்கள். பழைய டிரைவருக்காக விதியைத் தளர்த்தத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது.

மூன்றாவது வகையைப் போலன்றி, விண்டோஸ் 8 காலத்தில் அறிமுகமான நான்காம் வகை டிரைவர்கள் சர்வரிலிருந்து கணினிக்கு இறங்குவதில்லை. சர்வரில் நான்காம் வகை இருந்தால், பாயிண்ட் அண்ட் பிரிண்ட் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிடக் கணினியில் தயாரிப்பாளரின் டிரைவரை முன்கூட்டியே ஏற்றுவதுதான் வழி.

ஊழியர்களின் கணினிகளில் ‘அலௌ பிரிண்ட் ஸ்பூலர் டூ அக்செப்ட் கிளையன்ட் கனெக்‌ஷன்ஸ்’ என்ற அமைப்பை ‘டிசேபிள்டு’ என்று வைப்பதும் இதனோடு சேர்ந்த கடமை. அச்சிடும் வேலை தடைபடாது. வெளியிலிருந்து அந்தக் கணினியின் ஸ்பூலரோடு யாரும் தொடர்புகொள்ள முடியாமல் போகும். ஒரு கணினியில் இணைந்த பிரிண்டரைப் பக்கத்து மேசைக்காரர்களுக்குப் பகிர்ந்திருந்தால் மட்டும் அந்தப் பகிர்வு நின்றுவிடும் என்பதால், அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை மட்டும் எல்லோருக்கும் ஏற்றினால் போதும் என்ற நிலையில், தளர்வைச் சில நாள்களுக்கு மட்டும் வைத்திருந்து, அனைவரும் இணைந்தவுடன் மீண்டும் அடைத்துவிடலாம். ஏற்கெனவே ஏறிய டிரைவர்கள் அப்படியே இருக்கும். மைக்ரோசாஃப்டும் இந்தத் தற்காலிக வழியைக் குறிப்பிட்டிருக்கிறது. அடைக்கும் நாளை அப்போதே காலண்டரில் குறித்துவையுங்கள். தற்காலிகம் என்று திறந்தவை ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடப்பது நம் அலுவலகங்களில் சாதாரணம்.

யூ.எஸ்.பி. பிரிண்டர்கள்

மேசையில் தனியாக இருக்கும் யூ.எஸ்.பி. பிரிண்டருக்கு டிரைவர் கிடங்கில் சேர்த்துவைப்பதே போதும். அதற்கும் வழியில்லாதபோது, சிஸ்டம் பகுதியில் ‘டிரைவர் இன்ஸ்டலேஷன்’ என்பதன் கீழே, குறிப்பிட்ட சாதன வகைகளுக்கு மட்டும் நிர்வாகி அல்லாதவரும் டிரைவர் ஏற்றலாம் என்ற பாலிசி ஒன்று உண்டு. அதில் பிரிண்டர் வகையின் அடையாள எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த நீண்ட எண்ணை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டாமல், பிரிண்டர் ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘பிரிண்டர்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் உள்ள பிரிண்டரின் பண்புகளில் டீட்டெய்ல்ஸ் தாவலில் ‘கிளாஸ் ஜி.யு.ஐ.டி.’ என்பதைத் தேர்ந்தெடுத்து, நெளிவு அடைப்புக்குறியோடு அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி ஆப்ஷன்ஸில் ‘பயனர்கள் பிரிண்டர் டிரைவர் ஏற்றுவதைத் தடு’ என்ற பொருளில் இருக்கும் அமைப்பு கணினிகளில் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வர்களில் அது இயக்கத்தில் இருப்பதே இயல்பு. ஊழியர் கணினிகளில் யாரோ எப்போதோ இயக்கியிருந்தால்தான் தடையாக நிற்கும்.

சோதித்துப் பார்த்தல்

சோதனையை உங்கள் சொந்தக் கணக்கில் செய்யாதீர்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் எல்லாமே நடக்கும். சாதாரண உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியைப் புதுப்பிக்க ‘ஜிபிஅப்டேட்’ கட்டளையை ஓட்டி, கணினியை ஒரு முறை மறுதொடக்கம் செய்து, ‘ஜிபிரிசல்ட்’ அறிக்கையில் உங்கள் பாலிசி உண்மையில் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரிண்டரைச் சேர்க்க முயலுங்கள். இவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸ் என்பதன் கீழே உள்ள ‘ஆபரேஷனல்’ பதிவு இயல்பாக அணைந்திருக்கும். அதை இயக்கிவைத்தால், டிரைவர் ஏறும்போதும் புதுப்பிக்கப்படும்போதும் 316 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். யார் கணினியில் என்ன டிரைவர் எப்போது ஏறியது என்பதற்கு அதுவே சாட்சி.

சோதனைப் பக்கம் வந்துவிட்டது என்பதோடு திருப்தி அடையாமல், அலுவலகத்தில் உண்மையில் அச்சிடப்படும் ஒரு தாளை அச்சிட்டுப் பாருங்கள். தமிழில் உள்ள கடிதம் ஒன்று, டாலியிலிருந்து ஒரு பில், லீகல் அளவுத் தாளில் ஓர் ஆவணம் ஆகியவை போதும். தாள் அளவு ‘லெட்டர்’ என்று நின்றுகொண்டிருந்தால், பிரிண்டர் தாள் வைக்கச் சொல்லி விளக்கை மினுக்கிக்கொண்டே இருக்கும். ஊழியர் டிரைவர் ஏறவில்லை என்று புகார் சொல்வார். பிரிண்டரின் பண்புகளில் ‘அட்வான்ஸ்டு’ தாவலில் உள்ள ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ பொத்தானை அழுத்தி அங்கே ஏ4 என்று வையுங்கள். ‘பிரிஃபரன்ஸஸ்’ என்ற இடத்தில் மாற்றினால் அது உங்கள் கணக்குக்கு மட்டுமே பொருந்தும்.

தவிர்க்க வேண்டிய குறுக்குவழிகள்

ஊழியரை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ குழுவில் சேர்ப்பது, எல்லாக் கணினிக்கும் பொதுவான நிர்வாகிக் கடவுச்சொல்லை டெக்னீஷியனிடம் சொல்வது, டிரைவர் ஏற்றும்போது தொல்லை தருகிறதே என்று பாதுகாப்புத் திருத்தத்தையே நீக்குவது ஆகிய மூன்றும் அன்றாடம் நடப்பவை; மூன்றும் கூடாதவை. ‘லோட் அண்ட் அன்லோட் டிவைஸ் டிரைவர்ஸ்’ என்ற பயனர் உரிமையைப் பெயரைப் பார்த்து மயங்கி ஊழியர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் டிரைவர் ஏற்றும் உரிமை; பிரிண்டர் தேவைக்கு அது வேண்டியதே இல்லை. 2021 செப்டம்பருக்குப் பிறகு பகிர்ந்த பிரிண்டரை இணைக்கும்போது வரத்தொடங்கிய, 11பி என்று முடியும் பிழைக்கும் இணையத்தில் ஒரு ரெஜிஸ்ட்ரி வைத்தியம் உலவுகிறது. சர்வரோடு பேசும் பேச்சின் பாதுகாப்பை அணைப்பதே அந்த வைத்தியம். சர்வருக்கும் கணினிகளுக்கும் திருத்தங்களை முழுமையாகப் போட்டுவிட்டால் அதற்குத் தேவை எழாது.

அவசரத்துக்கு ஒரே ஒரு கணினியில் நிர்வாகிக் கடவுச்சொல் கொடுத்தே தீர வேண்டும் என்ற வேளைக்கு விண்டோஸ் லேப்ஸ் வசதியை அமைத்துவையுங்கள். 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை வைத்து, குறிப்பிட்ட கால இடைவெளியில் தானே மாற்றிக்கொள்ளும் என்பதால், ஒன்று வெளியே தெரிந்தாலும் மற்றக் கணினிகளுக்குப் பாதிப்பில்லை.

இனி வாங்கும் பிரிண்டர்கள்

பிரிண்டர் தயாரிப்பாளர்கள் தரும் மூன்றாம் தரப்பு டிரைவர்களுக்கான தன் சேவையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. விண்டோஸ் அப்டேட் வழியாக அவற்றை வழங்குவது குறைந்து, 2027-இல் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே மிஞ்சும். அவற்றின் இடத்தில், விண்டோஸிலேயே இருக்கும் ஐ.பி.பி. (இன்டர்நெட் பிரிண்டிங் புரோட்டோகால்) பொது டிரைவர் முன்னுக்கு வருகிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் வந்த ‘விண்டோஸ் புரொடெக்டட் பிரிண்ட்’ முறையை இயக்கினால், பொதுவான அச்சு முறையில் இயங்கும் என்பதற்கான மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்கள் மட்டுமே, தயாரிப்பாளரின் டிரைவர் எதுவும் இல்லாமல் இயங்கும். டிரைவரே இல்லையென்றால் அதை ஏற்றும் உரிமை பற்றிய கேள்வியும் இல்லை. ஆனால் துறைவாரியாகக் கணக்கு வைக்கும் குறியீடு, ஸ்டேபிள் அடிப்பது போன்ற தயாரிப்பாளரின் தனி வசதிகள் பொது டிரைவரில் கிடைக்காமல் போகலாம் என்பதால், பெரிய மெஷின்களை ஒரே நாளில் இதற்கு மாற்றிவிடாதீர்கள். ஒரு பிரிவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்தால், இரண்டு வரிகளை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வைக்கப்படும் எந்த மெஷினும் மோப்ரியா சான்று பெற்றதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. மாடலை மாற்றுவதாக இருந்தால், மெஷினை வண்டியில் ஏற்றுவதற்கு ஒரு வேலைநாள் முன்னதாகவே அதன் மாடல் பெயரை ஐ.டி. பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. அந்த ஒரு நாளில் டிரைவரைச் சோதித்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிட முடியும். டெக்னீஷியன் வரும்போது கேபிளைச் செருகுவது மட்டுமே அவருக்கு மிச்சமிருக்கும்.